ஒரு கம்ப்யூட்டரும் மூன்று பங்காளிகளும்

நொச்சியடியில் முட்டாள்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனாலும் பூதத்தார் கல்யாண மண்டபத்து அண்ணன் தம்பிமார் மூன்று பேரும் அந்த ஊருக்குள்ளேயே தனி ரகம். மற்றவர்கள் எதையாவது யோசித்துத் தப்பாகச் செய்வார்கள். இவர்கள் யாராவது சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்து, அதனாலேயே காரியத்தைக் குட்டிச்சுவராக்குவார்கள். மூத்தவர் நல்லபெருமாள், நடுவுள்ளவர் ஆவுடையப்பன், கடைக்குட்டி சங்கிலி. கடைக்குட்டி என்றதும் பொடியன் என்று நினைத்துவிடாதீர்கள். அவனுக்கு நாற்பது தட்டிவிட்டது, காதோரம் நரைத்துவிட்டது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஊரில் உள்ளவனுக்கெல்லாம் வாசலில் நின்று பன்னீர் தெளித்தே அவன் காலம் போய்க்கொண்டிருந்தது.

அப்பா கண்ணை மூடுவதற்கு முன்னால், எது வந்தாலும் மூன்று பேரும் சரிசமமாகப் பங்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். அந்த மனிதர் ஒரு பேச்சுக்குச் சொன்னது. இவர்கள் மண்டபத்துச் சுவர்க்கடிகாரத்தில் இருந்தே ஆரம்பித்துவிட்டார்கள். மணி முள் மூத்தவருக்கு, நிமிஷ முள் நடுவுள்ளவருக்கு, நொடி முள் சங்கிலிக்கு. மண்டபத்துக்கு வந்த யாராவது மணி கேட்டால் நல்லபெருமாள் "பத்து" என்று மட்டும் சொல்வார். மிச்சத்துக்கு ஆவுடையப்பனைத் தேடிப் போக வேண்டும். சங்கிலியிடம் கேட்டவர்கள்தான் பாவம். அவன் ஒரு எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் முள் அடுத்ததற்குப் போய்விடும், அதனால் கேட்டவர் தாங்கமாட்டாமல் எழுந்து போகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருப்பான்.

இப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒரு கம்ப்யூட்டர் வந்தால் என்ன ஆகும்? மண்டபம் பதிவு செய்வதற்கென்று மாசி மாதம் பாளையங்கோட்டைக்குப் போய் ஒன்று வாங்கி வந்தார்கள். இறக்கி வைத்த உடனே பாகப்பிரிவினை தொடங்கிவிட்டது. பார்க்கிறது திரையில்தானே, அதனால் திரை எனக்கு என்றார் மூத்தவர். சாமான் எல்லாம் பெட்டிக்குள்தானே இருக்கிறது, பெட்டி எனக்கு என்றார் ஆவுடையப்பன். சங்கிலிக்கு மவுஸ் மிஞ்சியது. அவனும் அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தான். பிறகு அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. கடைசியில், கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற ஜெபசிங்கை வரவழைத்து, முழுச் சாமானையும் நீளவாக்கில் மூன்றாக அறுத்துத் தரச் சொல்வது என்று முடிவானது. அவர் வெறுங்கையோடு வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஆவுடையப்பன் ஒரு ரம்பத்தை இரவல் வாங்கித் தயாராக வைத்திருந்தார்.

ஜெபசிங் விவரமானவர்தான். அவர் செய்த ஒரே தப்பு இவர்களுக்கு விளக்கம் சொன்னது. அறுக்கவும் வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம், இந்த ஒரே பெட்டிக்குள் மூன்று கம்ப்யூட்டர் தனித்தனியாக ஓடுகிற மாதிரி செய்து தருகிறேன் என்றார். விண்டோஸை மூன்று தடவை தனித்தனியாக உள்ளே போட்டுவிடுவாராம். ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டாம். அவரவர் பெயரைத் தட்டினால் அவரவர் கம்ப்யூட்டர் திறந்துகொள்ளுமாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். நல்லபெருமாள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்ததும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"ஒண்ணுக்கு மத்தது இருக்கதே தெரியாது அண்ணாச்சி," என்றார். "ஒவ்வொண்ணும் இந்தப் பெட்டி முழுசும் தனக்குத்தான்னு நெனச்சுக்கிட்டு ஓடும். உள்ள மூளை ஒண்ணுதான். அது இதுல கொஞ்சம் அதுல கொஞ்சம்னு மாத்தி மாத்தி வேலை பார்க்கும். நமக்கு மூணும் சேந்து ஓடுத மாதிரி இருக்கும். என்ன, கொஞ்சம் மெதுவா ஓடும். பொறுத்துக்கிடணும்."

சொல்லிவிட்டு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு அவர் பஸ் ஏறிப் போய்விட்டார். இங்கே மூன்று பேரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரு பெட்டிக்குள் மூன்று குடித்தனம் இருக்கிறதே, காற்று போதுமா என்று ஆவுடையப்பனுக்குக் கவலை. பனையோலை விசிறியை எடுத்து வந்து பெட்டியின் பின்பக்கம் வீசிக்கொண்டிருந்தார். புதுக் குடித்தனம் என்றால் பால் காய்ச்ச வேண்டாமா என்றார் மூத்தவர். சரி என்று மூன்று தடவை பால் காய்ச்சி, மூன்று தடவை குடித்தார்கள். அதற்குப் பிறகுதான் சங்கிலி ஒரு பெரிய சந்தேகத்தைக் கிளப்பினான்.

"அண்ணே, ஒண்ணுக்கு மத்தது இருக்கதே தெரியாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ஆனா நமக்குத் தெரியுதே. என் கம்ப்யூட்டரத் தொறக்கும்போது, பக்கத்துல நீங்க இருக்கியன்னு எனக்குத் தெரியத்தானே செய்யும்?"

நல்லபெருமாள் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் யோசிக்கிறார் என்பதற்கு வீட்டில் அதுதான் அடையாளம்.

"அப்பம் தெரியக் கூடாதுலே," என்றார். "அவரவர் கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கும்போது அவரவருக்கு அண்ணனும் கெடையாது தம்பியும் கெடையாது. எந்திரிச்சு வெளிய வந்தப்புறம் சொந்தம் கொண்டாடிக்கிடலாம்."

"மறந்து போயி ஞாபகம் வந்துட்டுன்னா?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"கண்ண மூடிக்கிடு."

இப்படித்தான் அந்த வீட்டில் சட்டம் போட்டார்கள். காலையில் மூத்தவர் உட்காருவார், மத்தியானம் ஆவுடையப்பன், சாயங்காலம் சங்கிலி. மூத்தவர் உட்கார்ந்திருக்கும்போது அவர் பெண்டாட்டி காப்பி கொண்டுவந்து, தம்பிமாருக்கும் ஊற்றட்டுமா என்று ஒரு நாள் கேட்டுவிட்டாள். எந்தத் தம்பி என்று கேட்டார் மனுஷன். அவள் ஆவுடையப்பனைக் கையால் காட்டினாள். நல்லபெருமாள் ஆவுடையப்பனைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, ஆள் யாரென்று தெரியவில்லை, வந்தவருக்கு ஒரு வாய் காப்பி கொடுத்து அனுப்பு என்றார். ஆவுடையப்பனும் அந்நியர் வீட்டுக் காப்பியைக் குடிக்கிற மாதிரி கூச்சத்தோடு குடித்துவிட்டு, வருகிறேன் என்று கும்பிட்டுப் போனார். அவளுக்கு எரிச்சல் வந்து டம்ளரை வீசி எறிந்தாள். அவள் கழுத்தை நீட்டிய இடம் அப்படி.

இதற்கு நடுவில் ஆனி மாதம் சங்கிலிக்கு ஒரு நல்லது நடந்தது. ஏரலில் முக்காண்டி என்று ஒரு பாத்திரக்கடைக்காரர். அவர் மகள் பிரம்மசக்தி. பெண்ணுக்கும் வயது கொஞ்சம் கூடிப்போயிருந்தது. அப்பாவுக்குத் துணையாகக் கடையைப் பார்த்துக்கொண்டதில் வருஷம் போனதே தெரியவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் அவள் சங்கிலியை நேராகப் பார்த்தாள். சங்கிலி தரையைப் பார்த்தான். பேச மாட்டானாக்கும், இருக்கட்டும், கெட்டவனாகத் தெரியவில்லை என்று அவள் சொன்னதாகத் தகவல் வந்தது. அன்றைக்கு இரவு சங்கிலி சாப்பிடவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனை வீட்டில் சொஜ்ஜி தின்றிருப்பான், எத்தனை வீட்டில் அண்ணன்மார் வாயைத் திறந்ததும் காரியம் கெட்டிருக்கும். இந்த ஒன்றும் போய்விட்டால் இனி இல்லை என்று அவனுக்கே தெரியும். அவ்வளவு முட்டாளுக்கும் அது தெரிந்திருந்தது.

ஆவணியில் முகூர்த்தம் குறித்தார்கள். சொந்த மண்டபம் இருக்கும்போது வெளியே தேடுவானேன்? சங்கிலி சாயங்காலம் தன் கம்ப்யூட்டரைத் திறந்து, அந்தத் தேதிக்கு நேராகத் தன் பெயரையும் பிரம்மசக்தி பெயரையும் ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஏற்றினான். அவன் கம்ப்யூட்டரில் வருஷம் முழுக்க மண்டபம் காலியாகக் கிடந்தது, அந்த ஒரு நாள் மட்டும் நிறைந்திருந்தது. தினமும் சாயங்காலம் உட்கார்ந்து அந்த இரண்டு பெயரையும் பார்த்துக்கொண்டிருப்பான். சமயத்தில் திரையைத் துண்டால் துடைத்தும் விடுவான்.

இப்போது கேளுங்கள் கூத்தை. ஒரு நாள் காலையில் ரைஸ்மில் குற்றாலிங்கம், மகன் கல்யாணத்துக்கு மண்டபம் கேட்டு வந்தார். அவர் கேட்டதும் அதே ஆவணி, அதே தேதி. நல்லபெருமாள் தன் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார். தேதி காலியாக இருந்தது. தன் கையால் தாம்பூலம் மாற்றி நிச்சயம் பண்ணின தம்பி கல்யாணம் அன்றைக்குத்தான் என்று மண்டையில் ஒரு மூலையில் தெரியாமல் இல்லை. ஆனால் அதைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டால் ஜெபசிங் சொன்னது பொய்யாகிவிடுமே? கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பதிவு செய்துவிட்டார். குற்றாலிங்கத்துக்கே கொஞ்சம் இடித்தது. அன்றைக்கு உங்கள் தம்பிக்கு இங்கே கல்யாணம் என்று கேள்விப்பட்டேனே என்றார். எனக்குத் தம்பியே கிடையாது என்றார் நல்லபெருமாள். அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு போலிருக்கிறது, நமக்கென்ன என்று அந்த மனுஷனும் போய்விட்டார்.

அதே வாரத்தில் மத்தியானம் ஒரு நாள் கறிக்கடை வேலாயுதம், பேரனுக்குக் காதுகுத்து என்று வந்தார். ஆவுடையப்பன் கம்ப்யூட்டரிலும் அந்தத் தேதி காலியாகத்தான் இருந்தது. வேறு எப்படி இருக்கும்?

முகூர்த்த நாள் விடிந்தது. வாசலில் மூன்று பக்கமிருந்தும் வேன் வந்து நின்றது. ஒரு வேனிலிருந்து முக்காண்டியும் பெண் வீட்டாரும் இறங்கினார்கள். இன்னொன்றிலிருந்து குற்றாலிங்கம் வீட்டார் சீர்வரிசைத் தட்டோடு இறங்கினார்கள். மூன்றாவது வேனிலிருந்து முதலில் ஆடுகள் இறங்கின, பிறகு வேலாயுதம் வீட்டார் இறங்கினார்கள். மூன்று கூட்டமும் ஒரே வாசல் நடையில் முட்டிக்கொண்டு நின்றது. பட்டு வேட்டியோடு நின்ற சங்கிலி மூன்று வேனையும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தான். அண்ணன்மாரைச் சமையல்கட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"மூணு விசேஷம் வந்து நிக்கு. என் கல்யாணம் என்ன ஆகும்ணே?" என்றான்.

"எதுக்குலே பதறுத?" என்றார் நல்லபெருமாள். "சின்னப் பெட்டி அது, முழங்கால் உயரம் கெடையாது. அது மூணத் தாங்குது. இம்மாம் பெரிய மண்டபம் தாங்காதா?"

"தாங்கும்," என்றார் ஆவுடையப்பன். "ஆனா ஒண்ணுக்கு மத்தது இருக்கது தெரியாமப் பாத்துக்கிடணும்."

"மேடை ஒண்ணுதானே இருக்கு?" என்றான் சங்கிலி.

"மூளையும் ஒண்ணுதானலே இருந்துது. அது என்ன செஞ்சுது? இதுல கொஞ்சம், அதுல கொஞ்சம்," என்றார் நல்லபெருமாள்.

சங்கிலிக்கு மனசு ஆறுதலாகிவிட்டது. அண்ணன் எவ்வளவு நிதானமாக யோசிக்கிறார் என்று பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை எங்கே கொண்டுபோய் வைக்க.

நல்லபெருமாள் மைக்கைப் பிடித்து அறிவித்தார். வந்திருக்கும் ஒவ்வொரு வீட்டாரும் மண்டபம் முழுவதும் தங்களுக்குத்தான் என்று நினைத்துக்கொள்ள வேண்டும், பக்கத்தில் யாராவது இருப்பதாகத் தெரிந்தால் அவர்கள் இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும், எல்லாம் கொஞ்சம் மெதுவாக ஓடும், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் நொச்சியடிக்காரர்கள், அதனால் சரி சரி என்று தலையாட்டினார்கள். மிச்சப் பேர் சண்டைக்கு வரிந்து கட்டினார்கள். முகூர்த்த நேரம் நெருங்கிவிட்டதே, தாலி ஏறினால் போதும் என்று பெரியவர்கள் சிலர் அவர்களை அடக்கி உட்கார வைத்தார்கள்.

சமையல்கட்டில் அடுப்பு ஒன்று, அண்டா ஒன்று. ஆவுடையப்பன் அங்கே போய் நின்றுகொண்டு, சாம்பார் கொஞ்ச நேரம், கறிக்குழம்பு கொஞ்ச நேரம், பாயசம் கொஞ்ச நேரம் என்று அதே அண்டாவில் மாற்றி மாற்றிக் கொதிக்க விட்டார். மாற்றும்போது கழுவ நேரமில்லை. கழுவினால் இன்னும் மெதுவாகிவிடும் அல்லவா? முதல் பந்தியில் ஒருவருக்குப் பாயசத்தில் முருங்கைக்காய் கிடைத்தது. அவர் அதைச் சப்பிப் போட்டுவிட்டார். அவருக்கு அடுத்தவருக்கு நெஞ்செலும்பு கிடைத்தது.

மேடையிலும் அதே ஏற்பாடுதான். ஐயர் குற்றாலிங்கத்தின் மகனுக்கு நாலு மந்திரம் சொன்னதும் நல்லபெருமாள் கையைத் தட்டுவார். அந்த ஜோடி எழுந்துகொள்ள வேண்டும். சங்கிலியும் பிரம்மசக்தியும் உட்கார வேண்டும். அவர்களுக்கு நாலு மந்திரம். மறுபடியும் கைதட்டல். அவர்கள் எழுந்ததும் மொட்டைத் தலையோடு பேரப்பிள்ளை வந்து மேடை ஓரத்தில் தாய்மாமன் மடியில் உட்காருவான், காது குத்துகிற ஆசாரி ஊசியை எடுப்பார், அதற்குள் கைதட்டல் விழுந்துவிடும். விட்ட இடத்திலிருந்து திரும்பத் தொடங்குவதற்குள் ஐயருக்கு எந்த மந்திரம் யாருக்கு என்பது மறந்துவிட்டது. கல்யாண ஜோடிக்கு ஆயுஷ்ஹோம மந்திரத்தையும், காதுகுத்துப் பிள்ளைக்குக் கன்னிகாதான மந்திரத்தையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நேரம் போகப் போக நல்லபெருமாள் வேகத்தைக் கூட்டினார். கம்ப்யூட்டர் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில்தானே மாற்றுகிறது? படபடவென்று கையைத் தட்டினார். மூன்று கூட்டமும் ஏறி இறங்கி ஏறியதில் யார் முறை என்று யாருக்கும் தெரியவில்லை. தட்டுச் சத்தம் கேட்டதும் சங்கிலி ஓடிப்போய் உட்கார்ந்தான். உட்கார்ந்த இடம் மெத்தென்று இருந்தது. கீழே பார்த்தால் யாரோ ஒருவருடைய மடி. பெண் வீட்டு வழக்கமாக இருக்கும், இப்போது போய் எதையாவது கேட்டு இந்தச் சம்பந்தத்தையும் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டான். தாய்மாமன் ரத்தத்தைப் பார்க்க மாட்டாதவர். கண்ணை இறுக்கி மூடியிருந்தார். பிள்ளை அதற்குள் இவ்வளவு கனத்துவிட்டானே என்று மட்டும் முனகினார். ஆசாரி நொச்சியடிக்காரர். மடியில் எது உட்கார்ந்திருக்கிறதோ அதற்குக் குத்துவதுதான் அவருடைய வேலை. நறுக்கென்று குத்திக் கம்பியை மாட்டிவிட்டார்.

சங்கிலி வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு எழுந்தபோதுதான் அந்தக் கோலத்தைப் பார்த்தான். மணவறையில் பிரம்மசக்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குற்றாலிங்கத்தின் மகன். குனிந்த தலை நிமிராதே என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள் போலிருக்கிறது, தலையைக் குனிந்தபடியே தாலியை எடுத்துப் பக்கத்தில் எந்தக் கழுத்து இருக்கிறதோ அதற்குக் கொண்டுபோனான். நாதஸ்வரக்காரர் கெட்டிமேளம் ஆரம்பித்துவிட்டார். சங்கிலி மணவறையைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்து நின்றான். அவன் வாழ்க்கை அந்த மஞ்சள் கயிற்றோடு போய்க்கொண்டிருந்தது, அவனுக்கோ அண்ணன் கை தட்டாமல் மணவறைக்குப் போகலாமா கூடாதா என்று சந்தேகம். சாமி, இவனையெல்லாம் என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

பிரம்மசக்தி அந்தப் பையனின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"தம்பி, ஒங்க ஆளு அந்தா நிக்கா," என்று தூணோரம் விழித்துக்கொண்டு நின்ற பெண்ணைக் காட்டினாள். பிறகு சங்கிலியைப் பார்த்தாள். "நீங்க வாங்க. யாரு கையத் தட்டினாலும் எந்திரிக்காதீங்க. கட்டுங்க, பெறகு மத்ததப் பாத்துக்கிடலாம்."

அவள் கையாலேயே தட்டிலிருந்து தாலியை எடுத்துக் கொடுத்தாள். சங்கிலி மணவறையில் வந்து உட்கார்ந்து கட்டினான். மூன்று முடிச்சும் சரியாக விழுந்துவிட்டது. காதில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியவே இல்லை. நாற்பது வருஷம் காத்திருந்தது இதற்குத்தான் என்று மனசு நிறைந்துபோய் பொலபொலவென்று கண்ணீர் விட்டான். அந்தப் பையனும் அப்புறம் தன் பெண்ணைக் கண்டுபிடித்துத் தாலி கட்டினான் என்று வையுங்கள்.

இதோடு முடிந்திருந்தால் நொச்சியடிக்கும் மற்ற ஊர்களுக்கும் வித்தியாசம் இல்லாமல் போயிருக்கும். பந்தியில் பாயசத்து எலும்பு யாருடையது என்று சண்டை மூண்டது. குற்றாலிங்கம் வீட்டார் சுத்த சைவம். வேலாயுதம் வீட்டார் கறிக்குழம்பு இனிக்கிறது என்று கத்தினார்கள். இலையோடு சோறு பறந்தது. நாற்காலியும் பறந்தது. பேரப்பிள்ளை காது குத்தாமலே அலறிக்கொண்டிருந்தான். குற்றாலிங்கம் நல்லபெருமாளின் சட்டையைப் பிடித்தார். இங்கே நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள், வேறு யாரும் இல்லவே இல்லை என்று நல்லபெருமாள் அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். சொல்லும்போதே இல்லாத ஒருவர் எறிந்த வாளி அவர் முதுகில் வந்து விழுந்தது.

அண்ணன் தம்பி மூன்று பேரும் ஆபீஸ் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நல்லபெருமாள் ஜெபசிங்குக்குப் போன் போட்டார். மூன்றும் ஒரே நேரத்தில் ஓடுகிறது, ஒன்றில் உள்ளது இன்னொன்றுக்குள் போய்விட்டது, எல்லாம் நாசமாகிவிட்டது என்று அழாத குறையாகச் சொன்னார். ஜெபசிங் வேறு எங்கோ வேலையில் இருந்தார். கம்ப்யூட்டரைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவர் நினைத்ததில் தப்பில்லை.

"பயப்படாதீங்க அண்ணாச்சி," என்றார். "மாசியில நான் போட்டுக் குடுத்த அன்னைக்கே அந்த நெலமைய அப்பிடியே பிடிச்சு வச்சிருக்கேன். அவரவர் பேருக்குப் பக்கத்துல பழைய நாளுக்குப் போகன்னு ஒரு பட்டன் இருக்கும். அதத் தட்டுங்க. மாசிக்குத் திரும்பிப் போயிரும். அதுக்கப்புறம் நடந்தது எதுவுமே நடக்கலன்னு ஆயிரும்."

தட்டினார்கள். மூன்று பேரும் ஆளுக்கு ஒரு தட்டு. பெட்டி கொஞ்ச நேரம் உறுமிவிட்டு அடங்கியது. நல்லபெருமாள் கதவை மெல்லத் திறந்து எட்டிப் பார்த்தார். சண்டை போட்டு ஓய்ந்துபோன கூட்டம், இந்தப் பைத்தியக்காரர்களோடு என்ன பேச்சு என்று வேனில் ஏறிப் போயிருந்தது. குற்றாலிங்கம் வீட்டாரும் இல்லை, வேலாயுதம் வீட்டாரும் இல்லை.

"பாத்தியா, ஒரு ஆளக் காணோம்," என்றார் நல்லபெருமாள். "மாசிக்கு வந்துட்டோம்."

ஆவுடையப்பன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இந்த வருஷம் மாசியிலேயே வெயில் கொளுத்துகிறதே என்றார்.

சங்கிலி மட்டும் நகரவில்லை. தன் கம்ப்யூட்டரைத் திறந்து ஆவணிக்குப் போய்ப் பார்த்தான். அந்தத் தேதிக்கு நேராக ஒன்றுமே இல்லை. அவன் பெயரும் இல்லை, அவள் பெயரும் இல்லை. துண்டால் துடைத்துப் பார்த்தான். அப்படியும் வரவில்லை.

"அண்ணே," என்றான். "என் கல்யாணமும் நடக்கலையா?"

பெரியவர்கள் இருவரும் குனிந்து திரையைப் பார்த்தார்கள். இல்லை என்று தலையாட்டினார்கள். சங்கிலி மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் அவன் அழுதது நிஜம். நல்லபெருமாள் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார். மாசிதானே ஆகிறது, வருஷம் கிடக்கிறது, உனக்கு ஒரு நல்ல பெண்ணாகப் பார்த்துக் கட்டி வைக்காமல் விடமாட்டோம் என்றார். ஆவுடையப்பன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, நல்ல பெண்ணுக்கு எங்கே போக வேண்டும், சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது, பெண் லட்சணமாக இருக்கிறாள் என்றார்.

முக்காண்டியும் மகளும் உறவுக்காரர் சிலரும் அங்கேதான் இருந்தார்கள். பெண்ணை மாப்பிள்ளை வீட்டில் கொண்டுவிடாமல் எப்படிப் போவார்கள்? மூன்று பேரும் மிச்சமிருந்த வெற்றிலை, வாழைப்பழம், பூவை ஒரு தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு போய் எதிரே வரிசையாக உட்கார்ந்தார்கள். நல்லபெருமாள் தொண்டையைக் கனைத்து, பெண்ணை வரச் சொல்லுங்கள் என்றார். நொச்சியடிப் பக்கம் கல்யாணம் முடிந்ததும் இப்படி ஒரு சடங்கு போலிருக்கிறது என்று முக்காண்டி நினைத்துக்கொண்டார். சமையல்கட்டில் இருந்த காப்பியை ஊற்றி மகளிடம் கொடுத்து அனுப்பினார். பிரம்மசக்தி ஒவ்வொருவருக்கும் காப்பியை நீட்டிவிட்டுச் சங்கிலி முன்னால் வந்து நின்றாள்.

"பேரு என்னம்மா?" என்று கேட்டார் நல்லபெருமாள்.

அவள் சங்கிலியின் முகத்தைப் பார்த்தாள். அவன் இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை. வாய் பிளந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பிரம்மசக்தி என்றாள். சங்கிலிக்குப் பேர் பிடித்துவிட்டது, ஆளும் பிடித்துவிட்டது. இப்படி ஒருத்தி கிடைத்தால் போதும் என்று அண்ணன் காதில் சொன்னான். முதல் பார்வையிலேயே இவ்வளவு பிடித்தது அவனுக்கே ஆச்சரியமாக இருந்ததாம்.

அந்த நேரத்தில்தான் ஆவுடையப்பன் அவள் கழுத்தைக் கவனித்தார். முகம் கறுத்துவிட்டது. அண்ணனைக் கிள்ளிக் காட்டினார். அவரும் பார்த்தார். இருவரும் காப்பி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார்கள்.

"வேய்," என்றார் நல்லபெருமாள் முக்காண்டியிடம். "பொண்ணு கழுத்துல தாலி தொங்குது. மஞ்ச ஈரங்கூடக் காயல. கட்டிக் குடுத்த பொண்ணையா எங்க தம்பிக்குக் காட்டுதீரு? எங்களப் பாத்தா என்ன முட்டாளுக மாதிரியா இருக்கு?"

பிரம்மசக்தி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூன்று பேரும் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்கள். நல்லவேளை, அவசரப்பட்டு ஏமாறாமல் தப்பித்தோம் என்று பெரியவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டு போனார்கள். சங்கிலி மட்டும் வாசல்படியில் நின்று, கழுத்தில் கிடந்த கல்யாண மாலையைச் சரிசெய்துகொண்டே அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"அந்தப் பிள்ளையக் கட்டினவன் எவனோ," என்று பெருமூச்சு விட்டான். "குடுத்து வச்ச பய."